கீழ் இமைச் சத்திரசிகிச்சை: நாலாவது வருடத்தில் சொல்வது

கண்ணுக்குக் கீழே இருந்த பைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து நாலாவது வருடம் ஓடுகிறது. செய்தபோது எனக்கு 49 வயது. முதல் மாதத்திலேயே அனுபவத்தை எழுதச் சொல்லிச் சிநேகிதிகள் கேட்டார்கள், நான்தான் பொறுக்கச் சொன்னேன். வீங்கிய முகத்தை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. இப்போது சொல்கிறேன்: பைகள் போய்விட்டன, திரும்பி வரவில்லை, எனக்குத் திருப்தி. ஆனால் கருமையும் சுருக்கமும் சேர்ந்தே போய்விடும் என்று நம்பிக் காசு சேர்ப்பவர்கள் மேலே வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

நான் திருகோணமலை உவர்மலைப் பக்கம் இருக்கும் ஆசிரியை. நாற்பதைத் தாண்டிய பிறகு, காலையில் பாடசாலை வாசலில் யாராவது "ரீச்சர், இரவு நித்திரை இல்லையோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நித்திரைக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதே பைகள்தான், குடும்பத்து வாகு. நன்றாக இருக்கும் நாளிலும் வருத்தக்காரியாகத் தெரிவது மனதை அரித்தது. அழகுக்காகவா செய்கிறாய் என்று கேட்டவர்களிடம் ஓம் என்றே சொன்னேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கண்குழிக்குள் கண்ணுக்கு அணைவாகக் கொழுப்பு இருக்கிறது. கீழ் இமையில் அது மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு மெல்லிய சவ்வு அதை முன்னுக்கு வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வயதோடு சவ்வு தளர, பழைய தலையணை உறையில் பஞ்சு பிதுங்குவதுபோலக் கொழுப்பு வெளியே தள்ளுகிறது. அதே காலத்தில் கன்னத்துச் சதையும் இறங்க, மூக்கோரத்திலிருந்து சாய்வாக ஒரு பள்ளம் விழுகிறது. பைக்குக் கீழே பள்ளம் வந்தால் நிழல் விழத்தானே செய்யும்? கருவளையம் என்று நாம் கிறீம் வாங்கிப் பூசுவது பல நேரம் இந்த நிழலுக்குத்தான்.

உங்களுக்கு இருப்பது எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தலையை அசைக்காமல் மேலே பாருங்கள். பை இன்னும் புடைத்தால் அது கொழுப்பு. முகத்தை நிமிர்த்தி வெளிச்சம் நேரே விழும்படி பிடித்ததும் கருமை மறைந்தால் நிழல், அப்படியே நின்றால் தோலின் நிறம். காலையில் கூடிப் பின்னேரம் வடிந்தால் நீர். கன்ன எலும்பின் மேலே நிற்கும் வீக்கம் வேறு, அது இந்தச் சத்திரசிகிச்சைக்கு அடங்காது. எனக்குப் பெரும்பங்கு கொழுப்பும் நிழலும், கொஞ்சம் நிறமும்.

முதலில் பார்த்த ஓர் இடத்தில் பள்ளத்துக்குள் ஊசியால் ஜெல் நிரப்பலாம் என்றார்கள். பை பெரிதாக இருந்ததால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஜெல் நீரை இழுத்து வீங்கலாம், இமையின் மெல்லிய தோலுக்குள் நீலம் பாய்ந்ததுபோல் தெரியவும் கூடும். கடைசியில் கொழும்பில் கண் இமைச் சத்திரசிகிச்சையில் பயிற்சி பெற்ற டொக்டர் ஒருவரிடம் போனேன். அவர் கீழ் இமையைக் கீழே இழுத்து விட்டுப் பார்த்தார். கண் சிமிட்டாமலே அது உடனே ஒட்டிக்கொள்ள வேண்டும். தளர்ந்த இமையைத் தாங்கு தையல் இல்லாமல் வெட்டினால் அது கீழே இறங்கி, கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியத் தொடங்கும். அப்புறம் இமையோரத்தில் ஒரு தாள் கீற்றைச் செருகி 5 நிமிடம் வைத்துக் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளந்தார். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வறட்சிக் கண் என்று யோசிக்க வேண்டும். எனக்கு அந்த எல்லையில்தான் நின்றது. அதை மறைக்காமல் சொல்லி, சொட்டு மருந்தோடு பல காலம் வாழ வேண்டி வரலாம் என்றார். அந்தப் பேச்சில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

பிரஷர், சீனி, தைரொய்ட் எல்லாம் பார்த்தார்கள். மீன் எண்ணெய்க் குளிசை, விற்றமின் ஈ, உள்ளிக் குளிசை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள், இரத்தம் கூடுதலாக வடியும் என்பதால். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, மருந்து எழுதிய டொக்டரைக் கேட்க வேண்டும்.

எனக்கு இமையின் உட்புறம் வழியாகச் செய்தார்கள், அதனால் வெளியே பெரிய தழும்பு இல்லை. கொழுப்பை முழுக்க எடுக்காமல் ஒரு பகுதியை அந்தப் பள்ளத்துக்கு நகர்த்திவிட்டார்கள். முன்னர் அதிகமாக வெட்டி எடுத்தவர்களுக்குக் காலப்போக்கில் கண் குழிவிழுந்து இன்னும் வயது கூடித் தெரிந்திருக்கிறது. இமை மயிருக்குக் கீழே தோலைச் சிறிதாகக் கிள்ளி எடுத்தார்கள், கடைக்கண்ணில் ஒரு தாங்கு தையல் போட்டார்கள். விறைப்பு ஊசியும் மயக்கமும் இருந்ததால் வலி தெரியவில்லை.

திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அன்றிரவே ரயில் ஏறி வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அரிதாக, கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டிப் பார்வை நரம்பை அழுத்தும். பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும். ஒரு கண்ணில் மட்டும் கடும் வலி, கண் இறுகிப் புடைத்தல், பார்வை மங்கல் என்றால் உடனே ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். சுமார் 260 கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு அதற்கு என்ன செய்வது? நான் வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் தையல் வெட்டும்வரை தங்கினேன். முதல் இரவு அவர் அடிக்கடி எழும்பி வந்து, "கண் தெரியுதா? இது எத்தனை விரல்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த உதவியை நான் மறக்கமாட்டேன்.

முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுக்கை, குனிந்து வேலை இல்லை. கண்டல் கறுப்பிலிருந்து மஞ்சளாகி மறைய இரண்டு கிழமை பிடித்தது. கண் வெள்ளையின் மேல்தோல் நீர் கோத்து உப்பியது, சொட்டு மருந்தில் வடிந்தது. தாங்கு தையலால் கடைக்கண் மேலே இழுத்தாற்போல் இருந்தது, அதுவும் தானாக இளகியது. நகர்த்திய கொழுப்பு மட்டும் விரலுக்குக் கட்டிகட்டியாகப் பட்டது. அது மிருதுவாக மாதங்கள் எடுத்தன, அதுவரை நிம்மதி இல்லை. உண்மையான முகத்தை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் கண்டேன்.

பிறகு கச்சான் காற்று வந்தது. நம் ஊரில் அந்தக் காலத்து வெக்கையும் வறண்ட காற்றும் உங்களுக்குத் தெரியும். உட்துறைமுக வீதியில் ஸ்கூட்டரில் போனால் மணல் போட்டதுபோல் கண் உறுத்தும், நீராகக் கொட்டும். கண்ணீர் வடிகிறதே, வறட்சி எப்படி என்று தோன்றும், ஆனால் வறண்ட கண்தான் உறுத்தலில் அப்படி வடிக்கும். முதல் கச்சானில் கஷ்டப்பட்டேன். இப்போது பாதுகாப்புப் பதார்த்தம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர், இரவில் கண் களிம்பு, பக்கமும் மூடிய கண்ணாடி, மின்விசிறியை முகத்துக்கு நேரே விடாமல் திருப்புதல் என்று சமாளிக்கிறேன். வாடைக் காலத்தில் சொட்டு மருந்து அநேகமாகத் தேவைப்படாது. செலவைக் கணக்குப் போடும்போது இந்த மருந்தையும் கொழும்புக்குப் போய் வரும் செலவையும் சேர்த்துப் போடுங்கள்.

விடுமுறை முடிந்து போனபோது பிள்ளைகள், "ரீச்சர் நல்லா நித்திரை கொண்டிருக்கிறா" என்றார்கள். இளமையாகிவிட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் களைப்பற்ற முகம்தான். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் காலையில் இமை இன்னும் ஊதுகிறது, அது உப்பின் வேலை. தோலின் நிறம் அப்படியே இருக்கிறது. சிரித்தால் கடைக்கண்ணில் கோடு விழுகிறது. அவற்றுக்கு லேசர் செய்யலாம் என்றார் டொக்டர். நம்முடைய தோலில் லேசருக்குப் பிறகு கருமை கூடவும் வாய்ப்புண்டு என்று அவரே சொன்னதால், வெயில் தடுப்புக் கிறீமோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது வெள்ளவத்தை மச்சாளும் தனக்குச் செய்ய வேண்டும் என்கிறார். அவருடைய வீக்கம் காலையில் கூடிப் பின்னேரம் வடிகிறது, உடம்பும் ஊதி வருகிறது. முதலில் தைரொய்ட் இரத்தப் பரிசோதனை, அப்புறம் மற்றக் கதை என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுமுறையில் நானும் கூடப் போகிறேன்.