மறுமதிப்பீட்டுப் பயிற்சி: ஸ்கோர் போடக் கற்றுக்கொடுத்தார்கள், அப்புறம்?

இளஞ்சிறார் வழக்குகளைப் பார்க்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கு இடர் மறுமதிப்பீடு செய்வது (அந்தப் பிள்ளை மறுபடி குற்றத்தில் இறங்கும் வாய்ப்பைத் திரும்ப அளப்பது), அதை வைத்து கேஸ் பிளானை, அதாவது அந்தப் பிள்ளைக்கான செயல்திட்டத்தை, திருத்துவது, இந்த இரண்டையும் சொல்லித்தரும் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தேன். குறைகளையும் சொல்லப்போவதால் நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போங்கள், ஆனால் உங்கள் மேலதிகாரியையும் எப்படியாவது இழுத்துக்கொண்டு போங்கள்.

தொடக்கம் வழக்கம்போல பவர்பாயிண்ட். 1990இல் ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோஜ் என்ற கனடா ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த இடர், தேவை, ஏற்புத்தன்மை கோட்பாடு. அதாவது யாருக்கு எவ்வளவு கண்காணிப்பு, எதை மாற்ற உழைப்பது, அதை அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும்படி எப்படிச் செய்வது. தெரிந்ததுதான், வேகமாக முடித்தார்கள், நல்லது.

உண்மையான சரக்கு பயிற்சிக் கேஸில் இருந்தது. இளஞ்சிறாரின் இடரை அளக்கும் ஒய்.எல்.எஸ்./சி.எம்.ஐ. படிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள், மதிப்பெண் கூடினால் இடர் கூடுதல் என்று அர்த்தம். 42 கேள்விகள், 8 பகுதிகள்: பழைய குற்றங்கள், குடும்பம், படிப்பு அல்லது வேலை, நண்பர்கள், போதைப்பழக்கம், பொழுதுபோக்கு, சுபாவம், மனப்பாங்கு. இதில் பழைய குற்றங்கள் பகுதி குறையவே குறையாது, நடந்தது நடந்ததுதான். மற்றவை மாறக்கூடியவை, மறுமதிப்பீடு என்பதே அவற்றைப் பார்ப்பதற்குத்தான். கேஸில் வருவது கற்பனையான ஒரு 15 வயதுப் பையன். முதல் மதிப்பீட்டில் நண்பர்கள், படிப்பு இரண்டும் மோசம். ஆறு மாதம் கழித்து ஃபைலில் ஒரே வரி: "பள்ளிக்குச் செல்கிறான், பழைய நண்பர்களோடு தொடர்பில்லை." வகுப்பில் பாதிப் பேர் இரண்டு பகுதியிலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். "இதைச் சொன்னது யார்?" என்று கேட்டுவிட்டு, பயிற்சியாளர் வருகைப்பதிவின் நகலை நீட்டினார். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிருக்கிறான், அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள். நண்பர்கள் விஷயம் இன்னும் சுவாரசியம்: அந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி அந்தப் பழைய நண்பர்கள் காவல் இல்லத்தில் இருந்திருக்கிறார்கள், உள்ளே இருக்கிறவர்களை அவன் எங்கே போய்ப் பார்ப்பான்? வாய்ப்பே இல்லாமல் இருந்ததை மாற்றம் என்று எழுதக்கூடாது என்று வெறுமனே சொல்லியிருந்தால் யாரும் குறித்துக்கூட வைத்திருக்க மாட்டார்கள், பதிவேட்டைக் கையில் கொடுத்ததால் உறைத்தது. பழைய படிவத்தை காப்பி செய்து தேதியை மட்டும் மாற்றும் ஆசாமிகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு, அவர்களுக்காகவே இந்தப் பயிற்சியை நடத்தலாம்.

ஒரே நேர்காணல் வீடியோவுக்கு எல்லோரையும் தனித்தனியாக ஸ்கோர் போடச் சொல்லி, அதையெல்லாம் போர்டில் எழுதியதும் அருமை. ஒரே பையன், ஒரே வீடியோ, ஒருவர் கணக்கில் குறைந்த இடர், இன்னொருவர் கணக்கில் அதிக இடர். கையேட்டில் எந்தக் கேள்விக்கு என்ன வரையறை என்று புரட்டிப் பார்த்த பிறகுதான் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. இளஞ்சிறார் வன்முறையில் இறங்கும் இடரை மதிப்பிடும் சாவ்ரி படிவத்தையும் கொஞ்சம் காட்டினார்கள். அதில் 24 இடர்க் காரணிகளோடு 6 பாதுகாப்புக் காரணிகளும் இருக்கின்றன, துணைநிற்கும் ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பது போல. அதற்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம்.

சரி, கேஸ் பிளானுக்கு வருவோம். இங்கேதான் ஏமாற்றம். பயிற்சியின் பெயரிலேயே பாதி இதுதான், ஆனால் கிடைத்தது கடைசி நாள் மதியம், எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். "கோபத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்பது இலக்கு அல்ல, யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதுங்கள், அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்றார்கள். நல்ல அறிவுரை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கோர் குறைந்தால் பிளானில் எதை எடுப்பது? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் பிளான்கள் வளரும், சுருங்காது. இடர் குறைந்த பிள்ளையை அளவுக்கு மீறிக் கண்காணித்து, அதிக இடருள்ளவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் கெடுதலே அதிகம் என்று காலையில் அவர்களே சொன்னார்கள். அப்படியானால் சந்திப்புகளைக் குறைக்க வேண்டும், முடிந்த இலக்கை மூட வேண்டும். நீதிமன்றம் போட்ட நிபந்தனை என்றால் அலுவலர் தானாக எடுக்கவும் முடியாது, அறிக்கை எழுதி நீதிபதி முன் வைக்க வேண்டும். அந்த அறிக்கைக்கு ஒரு மாதிரியாவது கொடுத்திருக்க வேண்டாமா?

மேலதிகாரியைக் கூட்டிப்போகச் சொன்னது இதனால்தான். ஸ்கோர் சொல்வதை மீறி இடர் நிலையை மாற்றும் அதிகாரம் அலுவலருக்கு உண்டு, அரிதாக, காரணம் எழுதி. நடைமுறையில் அது பெரும்பாலும் மேலே ஏற்றத்தான் பயன்படுகிறது, ஏனென்றால் இறக்கியவன் தலைதான் நாளைக்கு ஏதாவது நடந்தால் உருளும். இதைப் பயிற்சியாளரே ஒளிக்காமல் சொன்னார், பாராட்ட வேண்டும். ஆனால் அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் ஃபைலில் கையெழுத்துப் போடும் அதிகாரி, அவருக்கென்று ஒரு மணிநேரம்கூட இந்தப் பயிற்சியில் இல்லை.

இன்னொன்று, பதிவு செய்வதற்கு முன்பே தொடர்வகுப்பு உண்டா, தேதி என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் ஸ்கோர் மறுபடி அவரவர் பழக்கத்துக்குப் போய்விடும். எங்களுக்கும் ஆன்லைனில் உண்டு என்றுதான் சொன்னார்கள். கேட்டு மெயில் போட்டேன், "விரைவில்" என்று பதில் வந்திருக்கிறது.