கரண்ட் வயரே இல்லாத ‘ஃபோர்ஸ் ஃபீட்பேக்’ ஸ்டீயரிங்: அரை மாதச் சம்பளம் போச்சு

முந்தாநாள் பார்சல் வந்தது. நேற்று முழுக்கச் சண்டை. நேற்று இரவிலிருந்து விற்றவன் பக்கம் பதிலே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது என் அரை மாதச் சம்பளம்.

வாங்கியது ஸ்டீயரிங் வீல். கம்ப்யூட்டரில் ஓட்டும் ரேஸ் சிமுலேட்டர்களுக்காக மேசையில் மாட்டிக்கொள்வது. எனக்கு ரேஸில் முதலாவது வருவதெல்லாம் பெரிய விஷயமில்லை, டிரிஃப்ட்தான் பைத்தியம். அசெட்டோ கோர்ஸா என்ற சிமுலேட்டரில் பின்சக்கரங்களை வழுக்கவிட்டு, வளைவு முழுக்கக் காரைப் பக்கவாட்டிலேயே கொண்டுபோக வேண்டும். இரண்டு வருடமாகக் கேம்பேடை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நண்பன் வீட்டில் அவனுடைய பழைய லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீலைப் பிடித்துப் பார்த்ததுதான் வினை. பின்பக்கம் வழுக்கத் தொடங்கியதும் வீல் தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்றது. பயந்துபோய் இறுக்கிப் பிடித்தேன், கார் பம்பரமாகச் சுற்றி நின்றது. “பிடிக்காதடா, விடு. அதுவா போகும். போய் நிக்கிற இடத்துல பிடி” என்றான். மூன்றாவது தடவை விட்டேன். வளையம் விரல்களை உரசிக்கொண்டு ஓடியது, சட்டென்று பிடித்தேன், கார் அப்படியே சாய்ந்த வாக்கில் வளைவைக் கடந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இது ஏன் முக்கியம் என்று சொன்னால்தான் நான் எதில் ஏமாந்தேன் என்பது புரியும். நிஜக் காரில் முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், அதைக் கேஸ்டர் என்பார்கள். பின்பக்கம் வழுக்கும்போது கார் எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையைப் பார்க்கவே முன்சக்கரங்கள் முயலும். ஸ்டீயரிங்கும் கூடவே ஓடும். டிரிஃப்ட் ஓட்டுபவர் பாதி நேரம் ஸ்டீயரிங்கைத் திருப்புவதே இல்லை, ஓடவிட்டுப் பிடிக்கிறார். சிமுலேட்டர் இந்த விசையைக் கணக்குப் போட்டு வீலுக்குள் இருக்கும் மோட்டாருக்கு அனுப்புகிறது, மோட்டார் வீலைத் திருப்புகிறது. இதற்குப் பெயர்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். கேம்பேட் போல ‘டர்ர்ர்’ என்று அதிர்வது வெறும் வைப்ரேஷன். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்ற வகை விற்பனைத் தளம் அது. ஆயிரக்கணக்கில் விற்பனையாளர்கள், எல்லாருக்கும் நாலரை நட்சத்திரம். தளத்தின் பெயரோ அந்த ஆளின் பெயரோ எழுதப்போவதில்லை, இந்த வகை ஆட்கள் எங்கேயும் இருக்கிறார்கள். விளம்பரத்தில் இருந்தது இது: ‘டூயல் மோட்டார் ஃபோர்ஸ் ஃபீட்பேக், 900 டிகிரி, டிரிஃப்டுக்கு ஏற்றது’. நான் பார்த்துவைத்திருந்த பெரிய பிராண்டுகளின் விலையில் பாதிக்கும் கொஞ்சம் மேல். அந்த விலைதான் என்னைக் கவிழ்த்தது. பத்தில் ஒரு பங்கு விலைக்குப் போட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சந்தேகம் வராத அளவுக்கு விலையை வைத்திருந்தான் படுபாவி.

இருந்தாலும் கேட்டேன். “இரண்டு மோட்டாரும் வீலைத் திருப்புமா, இல்லை வைப்ரேஷன் மட்டுமா?” என்று அப்படியே டைப் செய்து கேட்டேன். உரையாடல் இன்னும் என் போனில் இருக்கிறது. “ஃபுல் ஃபீட்பேக் ப்ரோ. கவுண்டர் ஸ்டீர் தானாவே போகும். நானும் டிரிஃப்ட் ஓட்டுறவன்தான்” என்று பதில் வந்தது. வழுக்கும்போது வீல் எதிர்ப்பக்கம் திரும்புவதைத்தான் கவுண்டர் ஸ்டீர் என்பார்கள். அப்புறம் ஒரு வீடியோ. மேசையில் மாட்டிய வீல், யாருடைய கையும் படாமல், இடப்பக்கம் கடைசி வரை போய், வலப்பக்கம் கடைசி வரை போய், நடுவுக்கு வந்து நின்றது. மோட்டார் உள்ள வீல்கள் இணைத்தவுடன் தங்களைத் தாங்களே அளந்துகொள்ளச் செய்யும் வேலை இது, நண்பனுடைய ஜி29-ம் இதைத்தான் செய்யும். அந்தப் பன்னிரண்டு விநாடி வீடியோவில் விழுந்தேன்.

விழுந்தவனை இன்னொரு தள்ளு தள்ளினான். “தளத்துல வாங்குனா அவங்களுக்குக் கமிஷன் போகுது ப்ரோ. நேரா எனக்கு அனுப்பிடுங்க, கிளட்ச் பெடல் சேர்த்துத் தர்றேன்.” டிரிஃப்டுக்குக் கிளட்ச் எதற்கு என்று தெரிந்தவன்தான் இந்தத் தூண்டிலைப் போட முடியும். வளைவில் கிளட்சைச் சட்டென்று மிதித்து உடனே காலை எடுத்தால் எஞ்சினின் வேகம் ஒரே அடியாகப் பின்சக்கரத்தில் இறங்கும், டயர் பிடியை இழக்கும். கிளட்ச் கிக் என்பார்கள். எனக்கு வாயெல்லாம் பல். இரவு பதினொன்றரைக்கு அரை மாதச் சம்பளத்தை நேரடியாக அவன் கணக்குக்கு அனுப்பினேன். “நன்றி ப்ரோ” என்று கூடவே ஒரு கும்பிடு படம் வேறு.

பெட்டியைத் தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. மோட்டாரும் கியரும் உள்ள வீல் கனக்கும். இதை ஒரு கையால் தூக்கி மேசையில் வைத்தேன். பிரித்தால் வீல், பெடல், ஒரு யூஎஸ்பி வயர். பெடல் இரண்டுதான். கிளட்சைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்து உதறினேன், தெர்மாகோல் துணுக்குகள்தான் கொட்டின.

வீலைத் திருப்பிப் பார்த்தேன். 900 டிகிரி என்றால் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் சுற்று போக வேண்டும். இது அரைச் சுற்றுகூட முடிவதற்குள் ‘டக்’ என்று முட்டி நின்றது. கையை எடுத்தால் படக்கென்று நடுவுக்கு ஓடி வந்து இரண்டு ஆட்டம் ஆடியது. கம்ப்யூட்டரில் மாட்டினேன். விண்டோஸ் அதை ‘எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலர்’ என்று அடையாளம் கண்டது! ஸ்டீயரிங் வேடம் போட்ட கேம்பேட். கேம்பேடாகப் பதிந்துகொண்ட கருவிக்கு விளையாட்டு அனுப்பக்கூடியது இரண்டு அதிர்வு மோட்டார்களுக்கான கட்டளை மட்டும்தான். ஆக, விளம்பரத்தில் போட்டிருந்த ‘டூயல் மோட்டார்’ பொய்யே இல்லை. மோட்டார் இரண்டு இருக்கிறது. உறுமுகிறது.

அசெட்டோ கோர்ஸாவில் ஓட்டியும் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. பின்பக்கம் வழுக்கிய கணம் நான் கையைத் தளர்த்தினேன். வீல் எதிர்ப்பக்கம் ஓட வேண்டிய நேரத்தில் நேராக நடுவுக்கு வந்து நின்றுகொண்டது. கார் நாலு சுற்று சுற்றியது. கேம்பேடில் இதைவிட நன்றாக ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் தொடங்கியது பதில் படலம். முதலில் “டிரைவர் இன்ஸ்டால் பண்ணுங்க ப்ரோ” என்றான். எந்த டிரைவர், எங்கே கிடைக்கும் என்று கேட்டால் “கூகுள்ல இருக்கும்.” அடுத்தது “வேற யூஎஸ்பி போர்ட்ல போடுங்க.” மூன்று போர்ட்டிலும் போட்டேன், மூன்றிலும் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்தான். 900 டிகிரி எங்கே என்றேன். “கீழ ஒரு ஸ்விட்ச் இருக்கும், தள்ளுங்க.” இருந்தது, தள்ளினேன். திரையில் சக்கரம் திரும்பும் அளவு மாறியதே தவிர, கையில் வீல் அதே இடத்தில்தான் முட்டியது. கிளட்ச்? “ஸ்டாக் தீர்ந்துடுச்சு.” சரி, பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். “சீல் உடைச்சாச்சே ப்ரோ, ரிட்டர்ன் எடுக்க முடியாது.” சீலை உடைக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியாக, நேற்று இரவு ஒன்பது மணிக்கு, “வைப்ரேஷனும் ஒரு ஃபீட்பேக்தான்” என்று தத்துவம் சொன்னான். அதற்குப் பிறகு அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையைப் பிடித்தேன். நாற்பது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “பணத்தை எங்கள் வழியாகச் செலுத்தவில்லை, அதனால் இது எங்கள் பொறுப்பில் வராது” என்றார். விளம்பரம் உங்களுடைய தளத்தில்தானே இருக்கிறது என்றேன். புகாரைப் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார். பதிவு எண் கொடுத்தார். விளம்பரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, நாலரை நட்சத்திரத்தோடு. அரை மாதச் சம்பளத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு பதிவு எண்.

ஆத்திரம் தாங்காமல் நள்ளிரவில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீலைத் திறந்தேன். எப்படியும் திருப்பி எடுக்கப்போவதில்லை. உள்ளே முக்கால்வாசி வெறும் காற்று. வீலின் தண்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் முளைகளுக்கு ஒரு தடித்த ரப்பர் கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறது. நடுவுக்கு வருவது இதனால்தான். டிரிஃப்டில் வீல் எந்தத் திசைக்குப் போக வேண்டுமோ அதற்கு எதிராக விடாமல் இழுத்துக்கொண்டிருந்ததும் இந்த ரப்பர்தான். இரு ஓரங்களிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இரண்டு மோட்டார்கள், அச்சில் ஒருபக்கமாகக் கனக்கும் சின்ன உலோகத் துண்டு. மோட்டாருக்கும் வீல் தண்டுக்கும் நடுவில் கியரோ பெல்ட்டோ எதுவும் இல்லை. நான் அனுப்பிய அரை மாதச் சம்பளம் இந்த ரப்பர் கயிற்றுக்கு.

அப்புறம்தான் அந்த வீடியோவை மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வளையத்தின் நடுவில், பிராண்டு பெயர் இருக்கும் இடத்தில், ஒரு ஸ்டிக்கர். பின்னால் இரண்டு வயர் இறங்குகிறது. ஒன்று கம்ப்யூட்டருக்கு. இன்னொன்று தரையில் கிடக்கும் கறுப்பு அடாப்டருக்கு. எனக்கு வந்த பெட்டியில் அடாப்டர் இல்லை, மேசையில் இருப்பது வேறு வீல்! பணம் அனுப்புவதற்கு முன் அந்த வீடியோவைக் குறைந்தது இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

சரியான டிரிஃப்ட் வீலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விலாவாரியாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில மட்டும் சொல்கிறேன்.

கரண்ட் வயரைப் பாருங்கள், முதலும் முக்கியமும் அதுதான். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அதை வைத்துக்கொண்டு உங்கள் கையை எதிர்த்து வீலைத் திருப்ப முடியாது. மோட்டார் உள்ள வீலுக்கு அடாப்டரோ, நேராகச் சுவர் பிளக்குக்குப் போகும் வயரோ இருக்கும். 270 டிகிரி, 180 டிகிரி என்று எழுதியிருந்தால் டிரிஃப்டுக்கு வேண்டாம். ‘வைப்ரேஷன் ஃபீட்பேக்’, ‘இம்மர்சிவ் ஃபீட்பேக்’ போன்ற வார்த்தைகளைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

கையில் காசு குறைவென்றால் புதுசாகப் பெயர் தெரியாததை வாங்குவதைவிடப் பழைய ஜி29 அல்லது திரஸ்ட்மாஸ்டர் டி150 மேல். ஜி29-ல் கியர் கடகடவென்று சத்தம் போடும், வீலைத் திருப்பும் விசையும் (டார்க்) சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் டிரிஃப்டை மாற்றும்போது வீல் கொஞ்சம் பின்தங்கும். ஆனால் ஓடும். இன்னும் சேர்த்துவைக்க முடிந்தால் டைரக்ட் டிரைவ், வளையம் நேராக மோட்டார் தண்டிலேயே உட்காரும் வகை. மோஸா ஆர்5 என்றால் 5.5 நியூட்டன் மீட்டர், ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி என்றால் 5. எதிர்ப்பக்கம் பறக்கும். நான் அங்கே போக இன்னும் பல மாதங்கள் ஆகும், அரை மாதச் சம்பளத்தைத் தண்ணீரில் விட்டிருக்கிறேனே.

பழசு வாங்கினால் நேரில் போய் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கன்சோலில் விளையாடுபவர்கள் எந்தக் கன்சோலுக்கு என்று பார்த்து வாங்குங்கள், ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு, கம்ப்யூட்டரில் இரண்டும் ஓடும். ஹேண்ட்பிரேக் பற்றிக் கேட்காதீர்கள், இப்போது வாயில் நல்ல வார்த்தை வராது. தளத்துக்கு வெளியே நயா பைசா அனுப்பாதீர்கள். இலவசமாகக் கிளட்ச் தருகிறேன் என்றாலும் சரி.

ஸ்டிக்கர் ஒட்டிய வீல் இடமும் வலமும் தானாகச் சுழலும் பன்னிரண்டு விநாடி வீடியோ உங்களுக்கும் வந்தால் ஒன்று செய்யுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பொருட்களை எல்லாம் தரையில் பரப்பிவைத்து, அடாப்டர் தெரிகிற மாதிரி, இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, ஒரே ஒரு போட்டோ கேளுங்கள். நேற்று இன்னொரு எண்ணிலிருந்து புது ஆள் மாதிரி நானே கேட்டுப் பார்த்தேன். “ஸ்டாக் குடோன்ல இருக்கு ப்ரோ” என்றான்.