ஃப்ரைடே தி 13த் பார்ட் 3: 3டில பாக்கலாமா, சாதாவாவா?

இந்த ஹாலிவுட் திகில் படத்த 1982 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமையே பாத்து ரிலீஸ் பண்ணாங்க, 3டிதான் அதோட மொத்த கவர்ச்சியும். யோ-யோ கீழ எறங்கி நம்ம முகத்துக்கு நேரா வரும், ஈட்டித் துப்பாக்கி அம்பு கண்ணை நோக்கிப் பாயும், படத்தோட கொலைகாரன் ஜேசன் ஒருத்தன் தலைய ரெண்டு கையாலயும் அழுத்துறப்ப கண்ணுமுழி தெறிச்சு திரைய விட்டு வெளிய வரும், தியேட்டர்ல கண்ணாடி போட்டுப் பாத்தா கூட்டமே கத்தும்ல, அந்த சுகமே வேற.

சாதா டிவில பாக்குறவங்க பலருக்கு இதே சீன்தான் எரிச்சல். எதுக்குடா பாப்கார்ன் பொரியறத இவ்ளோ கிட்ட காட்டுறாங்கன்னு கேப்பாங்க, நியாயம்தான், ஆழம் போயிடுச்சுன்னா அது வெறும் பாப்கார்ன்.

ஆனா கதை, பயம்னு பாத்தா ரெண்டாம் பாகமே மேல்னு சொல்றவங்களும் இருக்காங்க, ரெண்டுக்குமே டைரக்டர் ஸ்டீவ் மைனர்தான். எனக்கு மூணுதான், ஏன்னா ஜேசனோட அடையாளமாவே ஆயிட்ட அந்த ஹாக்கி மாஸ்க்கை அவன் முதல்முதலா மாட்டுறது இதுலதான். கடைசில கொட்டகைல தூக்குல தொங்குறவன் தானே கயித்த விட்டுத் தலைய எடுத்து, மாஸ்க்கைத் தூக்கி மூஞ்சியக் காட்டுவான் பாருங்க, அதுக்கு 3டியே தேவையில்ல.