மார்ட்டினி ஹென்றி வாங்குவோர் கவனத்திற்கு: படத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு

சிங்கப்பூரில் இருந்துகொண்டு பழைய கருமருந்துத் துப்பாக்கிகள் மீது ஆசை வைத்திருக்கும் தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அந்தச் சிலரையும் தேடிப்பிடித்துப் பணம் பறிக்கும் ஒரு தரகர் நம்மிடையே இருக்கிறார். மார்ட்டினி ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் துப்பாக்கி என்று சொல்லி 4,600 வெள்ளி வாங்கிக்கொண்டு, சுட்டால் முகத்துக்கு நேரே வெடித்திருக்கக்கூடிய ஒரு போலியை என் அண்ணன் தலையில் கட்டினார். அவர் பெயரை இங்கே போட எனக்கு அனுமதியில்லை, போடவும் போவதில்லை. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

அண்ணன் மெல்பர்னில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. அங்கே உரிமம் வைத்திருக்கிறார், கருமருந்து சுடும் சங்கம் ஒன்றில் உறுப்பினர். நான் போகும்போது சங்க மைதானத்தில் அவருடைய ஸ்னைடர் என்ற பழைய பிரிட்டிஷ் துப்பாக்கியை, அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கச் சுட்டிருக்கிறேன். இன்றைய துப்பாக்கிபோல அது ‘பட்’டென்று அடிக்காது. தோளைப் பிடித்து மெதுவாக, ஆனால் ஓங்கித் தள்ளும். வெள்ளைப் புகை முன்னால் சுவர்போல நிற்கும். காற்று அதைக் கலைக்கும்வரை குறி பலகை தெரியாது. முடிந்ததும் அன்றைக்கே சோப்பும் சுடுதண்ணீரும் விட்டுக் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். கருமருந்தின் கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், விட்டால் ஒரே இரவில் துரு பிடிக்கும். அந்தக் கழுவும் வேலைகூட எனக்குப் பிடிக்கும்.

ஸ்னைடர் 1866-இல் வந்தது. முன்வாயால் மருந்து இடித்த என்ஃபீல்டு துப்பாக்கிகளை வெட்டி, பின்பக்கமாகத் தோட்டா போடும்படி மாற்றியது. அடுத்து 1871-இல் வந்ததுதான் மார்ட்டினி ஹென்றி. லிவரைக் கீழே இழுத்தால் குழலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளாக் தாழ்ந்து வழிவிடும், தோட்டாவைப் பெருவிரலால் தள்ளி லிவரை மூடினால் தயார். 85 கிரெய்ன் கருமருந்து, 480 கிரெய்ன் ஈயக் குண்டு, அதாவது 31 கிராம். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் ஏழு வரிப்பள்ளம், எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி வகுத்தது. ஸ்னைடர் வைத்திருக்கும் யாருக்கும் அடுத்த ஆசை இதுவாகத்தான் இருக்கும். அண்ணனின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அதை வாங்கித் தருவதென்று குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டோம்.

தரகரை அறிமுகப்படுத்தியவர் பழைய நாணயம், தபால்தலை சேர்க்கும் ஒரு நண்பர். ஆள் நம்மவர், பேச்சில் தேன் ஒழுகும். துப்பாக்கி சிங்கப்பூரில் இல்லை, ஆஸ்திரேலியாவில் உரிமம் உள்ள தன் மருமகன் பெயரில் இருக்கிறது, அங்கேயே உரிமம் பெற்ற வியாபாரி வழியாகக் கைமாற்றலாம், பணத்தை மட்டும் இங்கே தந்தால் போதும் என்றார். சட்டப்படி சரியாக இருக்கிறதா என்று அண்ணன் அங்கே விசாரித்தார், சரிதான் என்றார்கள். நான் கேட்ட கோணத்திலெல்லாம் படம் வந்தது: வலப்பக்கத் தகட்டில் கிரீடம், அதன் கீழ் விக்டோரியா மகாராணியின் வி.ஆர்., அதன் கீழ் தொழிற்சாலையின் பெயர் என்ஃபீல்டு, ஆண்டு 1881. குழலின் பின்முனை முத்திரைகள், கட்டையில் பட்ட பழைய காயங்கள் எல்லாமே தெளிவு. அண்ணனும் அவருடைய சங்கத்துப் பெரியவர் ஒருவரும் படங்களைப் பார்த்துவிட்டு அசல்தான் என்றார்கள். அந்தப் படங்களில் இருந்தது உண்மையிலேயே அசல். அங்கேதான் சூழ்ச்சி.

துப்பாக்கி வியாபாரியின் கடைக்கு வந்து, காகித வேலை முடிந்து, அண்ணன் அதைப் பிரித்துவிட்டு எனக்கு வீடியோ அழைப்பு போட்டார். முகத்தில் சிரிப்பில்லை. "தம்பி, அந்தப் படத்தை எடுத்து வச்சுக்கிட்டு இதப் பாரு" என்றார்.

கட்டையின் மரவரி வேறு. படத்தில் லிவருக்குப் பின்னால் மரம் அலையலையாக ஓடும்; கையில் இருந்ததில் நேர்க்கோடு. தகட்டை விளக்குக்கு அருகே கொண்டுபோனார். கிரீடம் நசுங்கியிருந்தது. வி.ஆர். என்று இருந்தது, ஆண்டு மட்டும் 1908. விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில். அதற்குப் பின் எந்த அரசுத் தொழிற்சாலையும் அந்த எழுத்துகளைப் புதிதாகப் பொறிக்காது. என்ஃபீல்டு என்ற பெயரின் இரண்டாவது ஆங்கில எழுத்து இடவலமாகத் திரும்பி நின்றது. அடுத்து அண்ணன் காட்டியதுதான் எனக்கு மறக்கவில்லை. இரும்பின் மேல் சின்னச் சின்னத் துருக்குழிகள் இருந்தன, எழுத்துகளின் கோடு அந்தக் குழிகளுக்குள்ளேயும் இறங்கி ஓடியது. துரு முதலில், முத்திரை பிறகு. நூறு வருடம் துருப்பிடிக்கவிட்ட இரும்பில் யாரோ அண்மையில் உளிவைத்துத் தட்டியிருக்கிறார்கள்.

பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே பட்டறைகளில் கையாலேயே துப்பாக்கி செய்கிறார்கள். பிரிட்டிஷ் துப்பாக்கியை முன்னால் வைத்துக்கொண்டு, முத்திரை உட்பட அப்படியே நகலெடுப்பார்கள். ஆங்கில எழுத்து தெரியாதவர் பார்த்துப் பொறிப்பதால்தான் எழுத்து தலைகீழாகவும் திரும்பியும் வரும். கைபர் கணவாய் நகல் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான் போன வெளிநாட்டுப் படைவீரர்கள் சந்தையில் வாங்கி நினைவுப் பொருளாகக் கொண்டுபோனவை ஏராளம். அந்தக் கைவினைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வெறும் அரத்தை வைத்துக்கொண்டு ஒரு மார்ட்டினியைச் செய்வது சாதாரணத் திறமையில்லை. கைபர் நகல் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் வாங்கிச் சுவரில் மாட்ட ஆளிருக்கிறது. ஆனால் கிடைத்த இரும்பில், சில சமயம் பழைய தண்டவாளத்தில்கூட, செய்த குழல் அது. எந்த அரசுச் சோதனைக் கூடத்திலும் கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்ததில்லை. அதை அசல் என்று சுடுகிறவரிடம் விற்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணன் குழலைச் சோதித்தார். எண்ணெய் தடவிய ஈயக் குண்டு ஒன்றை மரக்கம்பியால் தட்டித்தட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோவார்கள். குழலின் உட்புறம் அதில் அச்சாக இறங்கும். நல்ல குழலில் குண்டு கடைசிவரை ஒரே இறுக்கத்தோடு நகரும். இதில் பாதி வழியில் திடீரென்று கம்பிக்குத் தடையே இல்லை, குண்டு தானாக வழுக்கியது. பிறகு மறுபடி இறுகியது. வெளியே வந்த ஈயத்தில் வரிப்பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். முன்கட்டையைக் கழற்றியபோது குழலின் அடியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு, இரும்பைச் சுருட்டி அடித்து ஒட்டிய இடம். சங்கத்துப் பெரியவர் பார்த்துவிட்டு, "இதில் தோட்டாவே போடாதே" என்று சொல்லிவிட்டார்.

தரகரை அழைத்தேன்.

"தம்பி, பழைய சாமான்னா அப்படி இப்படித்தான் இருக்கும். கடைல புதுசா வாங்கின மாதிரி கேள்வி கேட்டா எப்படி?"

"அண்ணே, பழசா புதுசாங்கறது இல்ல. நீங்க காட்டினது வேற துப்பாக்கி."

"படம் சும்மா மாதிரிக்கு அனுப்பினது."

ஒரு நிமிடத்தில் இன்னொரு கதைக்குத் தாவினார். இது சாதாரண மார்ட்டினியே இல்லையாம், 1875-இல் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) சீக்கியக் காவல் படைக்குக் கொடுத்ததாம், அதனால் விலை இன்னும் கூடவாம். அன்று மாலையே தட்டச்சு செய்த ஒரு பழுப்புக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினார். சீக்கியக் காவல் பிரிவு இங்கே அமைந்தது 1881-இல். போதாததற்கு, 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு இந்தியச் சிப்பாய்களுக்குத் தன் சொந்தப் படையைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே கொடுத்துவந்தது. வெள்ளைக்காரன் கையில் மார்ட்டினி வந்தபோது சிப்பாய் கையில் ஸ்னைடர். 1908 என்று பொறித்த துப்பாக்கிக்கு 1875-இன் கடிதம்! நம் வரலாற்றின் மேல் நமக்கிருக்கும் பற்றையே தூண்டிலாக்கினார் என்பதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனேன். பலர் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, அவரவரே பேச வேண்டும், எதிரியும் அப்படித்தான். "நான் கடைக்காரன் இல்லை, தனி ஆள்" என்று அவர் வாதம் செய்தார். சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற விதி தனி ஆளுக்கும் உண்டு. வாட்ஸ்அப்பில் "1881 என்ஃபீல்டு, அசல்" என்று அவரே எழுதியது, பேநவ் பணப்பரிமாற்ற ரசீது, அவர் அனுப்பிய படங்கள், அண்ணன் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். சமரசப் பேச்சிலேயே இறங்கிவந்தார். 3,500 வெள்ளி, தவணையாக. அதில் பாதி வந்திருக்கிறது. மீதிக்கு உத்தரவு கையில் இருக்கிறது, விடப்போவதில்லை.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தகராறு நடந்துகொண்டிருக்கும்போதே சமாதானம் பேசுவதுபோல, "வேணும்னா இங்கயே ஒண்ணு இருக்கு, சுவத்துல மாட்டிக்கலாம், நூறு வருஷத்துப் பழசுக்கு லைசென்ஸ் எல்லாம் தேவையில்ல" என்றார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். ஆயுதக் குற்றச் சட்டம் 1973-இலிருந்து இருக்கிறது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. பழசு, ஓடாது, அலங்காரத்துக்கு என்றெல்லாம் ஒரு தரகர் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. காவல்துறையின் உரிமப் பிரிவில் முதலில் எழுத்தில் கேளுங்கள், பதில் வராமல் தொடாதீர்கள். வெளிநாட்டு மைதானத்தில் சுட்டுவிட்டு வருகிறவர்கள் பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். நினைவுக்கென்று தோட்டாவோ காலி உறையோ சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

வெளிநாட்டில் உறவினருக்கோ உங்களுக்கோ அங்கேயே வாங்குகிறீர்கள் என்றால், பழைய படங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போதாது. நீங்கள் சொல்லும் ஒரு சொல்லைக் காகிதத்தில் எழுதி, துப்பாக்கியின் தகட்டருகே வைத்து, அன்றைய தேதியோடு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அசல் வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டே செய்வார். பணத்தை வியாபாரியின் கடையில் பொருளைப் பார்த்த பிறகு கொடுப்பதாகச் சொல்லுங்கள். மறுத்தால் அத்தோடு விடுங்கள். வந்த துப்பாக்கியைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் நிபுணர் ஒருவர் பார்க்காமல் சுட வேண்டாம். அசலாகவே இருந்தாலும் இன்றைய துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தை அதில் போடவே கூடாது. அந்த அழுத்தத்துக்கு அந்த இரும்பு பிறக்கவில்லை.

அதே படங்களை வைத்து அவர் மறுபடி வலைவீசுகிறார் என்று போன வாரம் ஒரு நண்பர் சொன்னார், இப்போது 5,200 வெள்ளியாம். அடையாளம் சொல்கிறேன்: 1881 என்ஃபீல்டு, லிவருக்குப் பின்னால் மரவரி அலையலையாக ஓடும், கட்டையின் வலப்பக்கம் அரைநிலா வடிவத்தில் ஒரு பழைய காயம், தரையில் பச்சைக் கட்டம் போட்ட துணி விரித்திருக்கும். அந்தப் படம் உங்களுக்கு வந்தால் பணம் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் எனக்கு எழுதுங்கள், என்னிடமுள்ள நடுவர் மன்ற ஆவணங்களைக் காட்டி, உங்களோடு வந்து உட்காரவும் தயார்.