காந்தி வீதியில் கிடைத்த ஏ.எம்.ராஜா

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய இசைத்தட்டு விற்கும் நடைபாதைக் கடை இது. ஏ.எம்.ராஜாவைத் தேடுகிறவர்கள் அவசியம் போக வேண்டும். 1959-இல் வெளிவந்த ‘கல்யாண பரிசு’க்கு இசையமைத்து, பாடவும் செய்தாரே, அந்தத் தட்டை 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஓரத்தில் கீறல், தொடக்கத்தில் கரகரப்பு. பிறகு அந்தக் குரல்! எங்கேயும் உரக்க எழாமல், காதருகே வந்து பேசுவதுபோல் குழைகிறது. ஜெமினி கணேசனுக்கு இவ்வளவு பொருந்திய குரல் வேறில்லை; பி.பி.ஸ்ரீநிவாஸையும் சேர்த்தே சொல்கிறேன். மனைவி ஜிக்கியுடன் அவர் பாடிய தட்டுகளும் இருந்தன. 1989-இல் ரயில் விபத்து அவரைக் கொண்டுபோனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைக்காரர் தட்டை ஓட்டிக் காட்டுவதில்லை, அது பெரிய குறை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். காலையிலேயே போவது நல்லது.