ஐபேட் கண்ணாடி உடைந்தால்: கடையில் ஒரு மணி நேரமா, வீட்டில் இரண்டு ராத்திரியா?

எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு ஐபேட் சாப்பாட்டு மேசையிலிருந்து குப்புற விழுந்தது. ஒன்பதாம் தலைமுறை, 2021-ல் வந்த 10.2 இன்ச் மாடல். மேல் மூலை ஒன்று நசுங்கி, அங்கிருந்து கண்ணாடி முழுக்க வெடிப்பு ஓடியிருந்தது. ஆனால் படம் தெளிவாகத் தெரிந்தது, தொட்டால் வேலை செய்தது. இந்த இரண்டும் சரியாக இருந்ததால்தான் யோசிக்கவே இடம் கிடைத்தது. படத்தில் கோடோ கறுப்புத் திட்டோ வந்திருந்தால் உள்ளே படம் காட்டும் எல்சிடி திரையும் போயிருக்கும், கணக்கு வேறு.

கண்ணாடி மேல் அகலமான செல்லோ டேப்பை ஒட்டி அப்படியே ஓட்டலாம். பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது ஆகாது. சர்வீஸ் சென்டர் வழி சுத்தமானது, ஆனால் ஐபேட் கண்ணாடி உடைந்தால் ஆப்பிள் பொதுவாகக் கண்ணாடியை மட்டும் மாற்றுவதில்லை, கட்டணம் வாங்கிக்கொண்டு வேறு ஐபேட்டையே கொடுக்கிறது. 30,900 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமான ஐபேட்டுக்கு அதன் பாதி விலைக்கு மேல் கட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆக மிச்சம் இரண்டு: சென்னை ரிச்சி தெருவின் ரிப்பேர் கடைகள், அல்லது வீடு.

ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் 4,000, இன்னொருவர் 3,500. இரண்டாவது கடைத் தம்பி ஐபேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீழ போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க சார், முடிச்சு வெச்சுடறேன்" என்றார். ஹோம் பட்டனில் விரல் ரேகை அப்படியே இருக்குமா என்று கேட்டேன். "அதுக்கு மட்டும் கேரண்டி இல்ல சார்." ஒளிக்காமல் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஐபேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் எனக்கு ஆன செலவு: டச் கண்ணாடி 1,900, கண்ணாடியை நெம்பிப் பிரிக்கும் பிளாஸ்டிக் பிக், ஸ்க்ரூடிரைவர் அடங்கிய கிட் 450, ஐசோபுரோபைல் ஆல்கஹால், பி7000 பசை, ஆக மொத்தம் எல்லாம் சேர்த்து சுமார் 2,600. மிச்சம் ஆயிரம் ரூபாய்கூட இல்லை. போன இரண்டு ராத்திரியைக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். காசுக்காக இதில் இறங்காதீர்கள்.

பிறகு ஏன் வீடு? கடைக்காரர் சொன்ன அந்த ஒரு டீ நேரம்தான் காரணம்.

முன்பு வேறொரு பழைய டேப்லெட்டுக்கு ஒரு கடையில் கண்ணாடி மாற்றியிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் பளபளவென்று கைக்கு வந்தது. மூன்றாம் மாதம் ஒரு மூலை லேசாகத் தூக்கியது. அந்த இடுக்கில் தூசி போய் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே உட்கார்ந்தது, ஒருநாள் பையிலிருந்து எடுக்கும்போது தூக்கிய மூலையே உடைந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய பசையும் பொடிக் கண்ணாடியும் பிரேம் விளிம்பிலேயே இருந்தன, நசுங்கிய மூலையும் நிமிர்த்தப்படாமல் அப்படியே இருந்தது. புதுக் கண்ணாடியை அதன் மேல் அமுக்கி ஒட்டியிருந்தார்கள். கடையில் இருந்தவர் கை சுத்தமான கைதான். அடுத்த போன் வரிசையில் காத்திருக்கும்போது அவரால் ஒரு விளிம்பைச் சுரண்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது.

ஐபேட்டில் கண்ணாடி மாற்றுவது என்றால் பாதி வேலை அந்த விளிம்புதான். ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி, பிக்கைச் செருகிப் பிரிப்பதெல்லாம் வீடியோவில் பெரிதாகக் காட்டுவார்கள். நான்கு பக்கமும் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டுச் செய்தால் அதிகச் சிரமமில்லை. டேப் ஒட்டாவிட்டால் கண்ணாடியைத் தூக்கும் சக்‌ஷன் கப் பிடிக்காது, சில்லும் தெறிக்கும். கண்ணாடி வந்த பிறகுதான் பொறுமை தேவை. பிளாஸ்டிக் சுரண்டியும் ஆல்கஹால் தொட்ட துணியுமாக முதல் ராத்திரி முழுக்க அதற்கே போனது. விரல் நுனியை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. மணல் அளவு சில்லு ஒன்று அடியில் கிடந்தாலும், ஒட்டி அமுக்கும்போது புதுக் கண்ணாடி அதே இடத்தில் வெடிக்கும்.

நசுங்கிய மூலைக்குச் சின்ன அரம் வைத்து உள்பக்கம் தள்ளியிருந்த அலுமினியத்தைத் தேய்த்து எடுத்தேன். தேய்க்கும் முன் உள்ளே முழுக்க டேப்பால் மூடிவிட வேண்டும், அலுமினியத் தூள் உள்ளேயிருக்கும் சர்க்யூட் போர்டில் விழுந்தால் கதை முடிந்தது. புதுக் கண்ணாடியை ஒட்டாமல் வெறுமனே வைத்து வைத்துப் பார்த்தேன். ஐந்தாறு முறை. அமுக்காமலே தானாக உட்கார்ந்தால்தான் மூலை சரி.

இரண்டாம் ராத்திரி ஒட்டினேன். கண்ணாடியோடு வந்த ஒட்டும் டேப்பை மட்டும் நம்பாமல் மூலைகளில் பி7000 ஒரு கோடு விட்டு, மேலே டவல் விரித்து, மூன்று தடிமனான புத்தகங்களை அடுக்கி, ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. அந்தப் பசை சில நிமிடங்களில் பிடித்ததுபோல் தெரியும். முழுப் பலம் வர 24 மணி நேரமாவது, சில சமயம் 48 மணி நேரம்கூட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து வாங்கும் ஐபேட்டுக்கு அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை. எனக்கு முடிவைத் தீர்த்தது இதுதான்.

ஹோம் பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் ரேகை சென்சார் அந்தந்த ஐபேட்டின் போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. புதுக் கண்ணாடியோடு பட்டன் வந்தாலும் ரேகையைப் படிக்காது, பழைய பட்டனைத்தான் பத்திரமாகப் பிரித்து மாற்ற வேண்டும். அதன் கேபிள் காகிதம்போல் மெல்லியது. அதற்கு மட்டும் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். பிழைத்தது. இதில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது, ஒருமுறைதான் செய்திருக்கிறேன்.

வீட்டில் செய்வதற்கு எதிரான பக்கமும் உண்டு. இதில் பேட்டரி கனெக்டரைப் போனில்போல் சட்டென்று பிடுங்கிவிட முடியாது. போர்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் சில்லைச் சொருகித் தொடர்பைத் தடுக்க வேண்டும். அதை மறந்துவிட்டு டிஸ்பிளே கேபிளைக் கழற்றினாலோ மாட்டினாலோ திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட் சர்க்யூட் போய்விடும் வாய்ப்பு உண்டு. கடைக்காரர் கை இதில் பழகிய கை, நான் தடுமாறினேன். பேட்டரி உப்பியிருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். தூசி இன்னொரு தலைவலி. ஃபேன் போட்டால் எல்சிடி மேல் தூசி, நிறுத்தினால் சென்னை மே மாதத்தில் நெற்றி வியர்வை சொட்டும். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியும் ஒரு முடித்துணுக்கு உள்ளே மாட்டி, ஒட்டும் முன் மறுபடி தூக்கித் துடைத்தேன்.

எட்டு மாதத்தில் மூலை தூக்கவில்லை, ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது. ஆப்பிள் பென்சில் வைத்து வரைபவர்களுக்கு வெளியில் வாங்கிய இந்தக் கண்ணாடி எப்படி ஒத்துழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, வீட்டில் யாரும் வரைவதில்லை.

இவ்வளவும் கண்ணாடியும் எல்சிடியும் தனித்தனியாக இருக்கும் மாடலுக்குத்தான் பொருந்தும். சாதாரண ஐபேட் ஒன்பதாம், பத்தாம் தலைமுறை அப்படி. 2014-ல் வந்த ஏர் 2 முதல் ஏர் வரிசை முழுக்க, மினி 4-ம் அதற்குப் பிந்தையவையும், ப்ரோ எல்லாம் கண்ணாடியும் டிஸ்பிளேயும் ஒட்டியே வருபவை. விரல் நுனியால் தட்டினால் உள்ளே கொஞ்சம் வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்து, படம் கண்ணாடிக்குக் கீழே சற்று ஆழத்தில் தெரிந்தால் தனித்தனி.

போன மாதம் என் மச்சான் தன்னுடைய உடைந்த ஏரைக் கொண்டுவந்து, "மாமா, நீங்களே பண்ணிடுங்க" என்று மேசையில் வைத்தான். ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ரிச்சி தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் டீ சாப்பிட்டு வரச் சொன்னார். மச்சான் போனான். நான் கவுண்டருக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, விளிம்பைச் சுரண்டுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.