ஒரே கயிறு, இரண்டு தேதிகள்: மரமேறும் கருவிகளின் ஆய்வுச் சேவை பற்றி

ஜெர்மனியில் மரக்கிளை கத்தரிக்கும் தொழிலில் இருக்கும் நான், சில மாத வேலைக்காக இங்கிலாந்து செல்லுமுன் என் ஏறுகருவிகள் அனைத்தையும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஹார்னஸ் எனும் உடல் வார்ப்பட்டை, இரண்டு ஏறுகயிறுகள், உடலைத் தண்டோடு பிணைக்கும் குறுங்கயிறு, எட்டு கராபினர்கள் (வாய் திறந்து மூடும் உலோக வளையங்கள்), ஒரு கப்பி ஆகியவை அதில் இருந்தன.

ஆய்வின் தரத்தில் எனக்குக் குறையில்லை. ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் குறித்துக்கொண்டு, கயிற்றை முழு நீளத்துக்கும் விரல்களால் தடவி உள்ளே தளர்ந்த இடம் உண்டா என்று பார்த்திருக்கிறார்கள். மரப்பிசின் ஏறியதால் வாய் தானாக மூடாமல் நின்ற ஒரு கராபினரையும், தையல் அறுந்திருந்த குறுங்கயிற்றையும் படத்துடன் நிராகரித்தார்கள். நான் வாரக்கணக்கில் கையாண்டும் அந்தத் தையலைக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துணிப்பகுதிகளில் மை எதுவும் தீட்டாமல் அடையாள வில்லைகளைக் கட்டி அனுப்பியதும் நல்ல பழக்கம். சில மைகளில் உள்ள கரைப்பான் இழைகளைக் கெடுக்கக்கூடும்.

குறை இருந்தது அறிக்கையில்தான். இங்கிலாந்தில் பயன்படுத்தப் போகிறேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தும், எல்லாக் கருவிகளுக்கும் அடுத்த ஆய்வு 12 மாதங்களுக்குப் பின் என்றே அச்சிட்டிருந்தார்கள். ஜெர்மனியில் அது சரி. அங்குள்ள டிஜியுவி எனும் பணிவிபத்துக் காப்பீட்டு அமைப்பின் 112-198 விதிப்படி, விழாமல் காக்கும் கருவிகளைத் தகுதி பெற்ற ஒருவர் தேவைக்கேற்பவும், குறைந்தது 12 மாதங்களுக்கு ஒருமுறையும் ஆராய வேண்டும். பிரான்சின் 1993 மார்ச் 19 ஆணையும் அதே கால எல்லையைத்தான் வைக்கிறது. ஆனால் பிரிட்டனில் லோலர் எனப்படும் 1998ஆம் ஆண்டின் தூக்குகருவி விதிகள் ஆளைத் தூக்கும் கருவிகளையும் அவற்றோடு இணைபவற்றையும், தகுதியுள்ளவர் வகுத்த தனி ஆய்வுத் திட்டம் இல்லாதபோது, 6 மாதங்களுக்கு ஒருமுறை முழுமையாக ஆராயச் சொல்கின்றன. அறிக்கையில் பாதுகாப்பான சுமை அளவையும் அவை கேட்கின்றன. எனக்கு வந்ததில் அது இல்லை.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது, கருவியில் சிஇ முத்திரை இருப்பதால் எல்லா நாட்டுக்கும் ஒரே சான்று போதும் என்று பதில் வந்தது. இது ஆய்வைத் தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து வரக்கூடாத பதில். சிஇ முத்திரை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 ஒழுங்குமுறையின்கீழ், பொருள் சந்தைக்கு வரும்போது நிறைவேற்ற வேண்டிய தேவைகளைப் பற்றியது; அருகிலுள்ள நான்கிலக்க எண், உற்பத்தியைக் கண்காணிக்கும் அமைப்பின் எண். பணியிடத்தில் கருவியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆராய்வது என்பதோ ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கும் உரியது. 89/656 என்ற ஐரோப்பிய உத்தரவு அதற்குக் குறைந்தபட்ச அடிப்படையை மட்டும் வகுக்கிறது. பிரிட்டனோ இப்போது அந்த ஒன்றியத்திலேயே இல்லை.

திருத்திய அறிக்கை கைக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. தனிக் கட்டணம் கேட்கவில்லை. ஜெர்மனிக்குள் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இங்கிலாந்துக்குக் கருவிகளோடு செல்பவர்கள், லோலர் விதிப்படியான 6 மாத அறிக்கை வேண்டும் என்று விண்ணப்பத்தில் பெயர் சொல்லியே எழுதி, அதற்கான ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே பெட்டியை அனுப்புவது நல்லது.